பனிக்கு மேலே ஒரு குழாய்: கிரீன்லாந்தில் தனியாக ஒரு குளிர்காலம்

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஆளுக்குத்தான் சாப்பாடு இருந்தது.

1930 டிசம்பர் 3. கிரீன்லாந்தின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 225 கிலோமீட்டர் உள்ளே, 8,000 அடிக்கும் மேலான உயரத்தில், பனிப்பரப்பின் நடுவே, வானிலை நிலையமாக ஒரே ஒரு கூடாரம். அதற்கு உணவும் மண்ணெண்ணெயும் மாற்று ஆட்களும் கொண்டுவந்த குழு அன்றுதான் வந்து சேர்ந்தது. அக்டோபர் 26 அன்று கரையிலிருந்து கிளம்பியவர்கள். இதில் பாதி நாள்கூட ஆகாது என்று நினைத்த பயணத்துக்குப் புயலில் மாட்டி 39 நாள் ஆகிவிட்டது. கொண்டுவந்த உணவில் பெரும்பகுதியை வழியிலேயே நாய்களும் மனிதர்களும் தின்று தீர்த்திருந்தார்கள். கனமான வானொலிப் பெட்டியை ஏற்கெனவே பாதி வழியில் கைவிட்டாயிற்று.

திட்டப்படி அந்தக் கூடாரத்தில் இரண்டு பேர் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். மிச்சமிருந்த உணவு இரண்டு பேருக்கு வசந்தம் வரை தாங்காது. அப்படியானால் நிலையத்தை மூடிவிட்டு எல்லோரும் திரும்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. அப்போது 26 வயது அகஸ்டின் கோர்ட்டோல்ட், தான் மட்டும் இருந்துகொள்கிறேன் என்றார். கால்விரல்கள் பனியில் அடிபட்டிருந்ததால் இன்னொரு முறை அந்த வழியில் நடக்க விருப்பமில்லை என்பது ஒரு காரணம். தனியாக இருப்பது தனக்குப் பிடிக்கும் என்பது இன்னொன்று. மற்றவர்கள் தடுத்துப் பார்த்தார்கள். டிசம்பர் 6 அன்று சறுக்குவண்டிகள் கிளம்பிப் போயின. அடுத்து அவர் ஒரு மனிதக் குரலைக் கேட்டது 150 நாள் கழித்து.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் தனியாகக் காட்டுக்கோ மலைக்கோ போனால் மனம் தெளியும் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மூன்று நாள் போய்விட்டு வந்தவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். மூன்று நாளில் தெளிந்தது மனமா, வெறும் தூக்கக் கடனா என்று பிரித்துச் சொல்வது கடினம். கோர்ட்டோல்டின் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஐந்து மாதம், வானொலி கிடையாது, கடைசி ஆறு வாரம் வெளியே வரக்கூட வழி கிடையாது. ஆனாலும் மனம் கலங்காமல் வெளியே வந்தார். ஏன் கலங்கவில்லை என்பதுதான் கேள்வி.

நிலையம் எதற்கு

பிரிட்டிஷ் ஆர்க்டிக் ஆகாயவழிப் பயணக்குழு என்பது 14 பேர் கொண்டது. தலைவர் ஜீனோ வாட்கின்ஸுக்கு வயது 23. இங்கிலாந்திலிருந்து கனடாவுக்கு கிரீன்லாந்து வழியாக விமானம் ஓட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். பணத்தில் பெரும்பங்கு கோர்ட்டோல்ட் குடும்பத்திலிருந்து வந்தது. ஜவுளியில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பம் அது. அகஸ்டின் அதனால்தான் குழுவில் சேர்ந்தார் என்று யாராவது சொன்னால் முழுவதும் மறுக்க முடியாது. ஆனால் டிசம்பரில் அந்தக் கூடாரத்தில் தங்கியதைப் பணம் வாங்கித் தரவில்லை.

விமானம் பறக்க வேண்டுமென்றால் பனிப்பரப்பின் உச்சியில் குளிர்காலத்தில் வானிலை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதனால்தான் நிலையம். கவிழ்த்த கிண்ணம் போல வளைந்த, இரட்டைத் துணிக் கூடாரம். விட்டம் சுமார் 10 அடி. பக்கவாட்டில் கதவு கிடையாது. தரைக்குக் கீழே பனியில் வெட்டிய சுரங்கப்பாதை வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். சூடான காற்று மேலே நிற்கும், குளிர்ந்த காற்று கீழே தங்கும் என்பதால் வாசல் தரைக்கு அடியில் இருந்தால் சூடு வெளியேறாது. எஸ்கிமோக்களின் பனிவீட்டில் இருக்கும் அதே உத்தி. கூரையின் உச்சியில் காற்றுப் போக்குக்கு ஒரு சிறிய குழாய். இந்தக் குழாயை மறந்துவிடாதீர்கள்.

நடந்தது

முதல் மூன்றரை மாதம் வேலை இருந்தது. ஒரு நாளைக்கு ஆறு முறை வெளியே போய் வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றின் திசை, மேகம் எல்லாவற்றையும் பார்த்துக் குறிக்க வேண்டும். ஆறு முறையும் ஆடை மாட்டி, சுரங்கத்தில் தவழ்ந்து, விழுந்த பனியை வழித்துவிட்டுப் போக வேண்டும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸையும் தாண்டும். திரும்பி வந்தால் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பனியை உருக்கித் தண்ணீர் செய்ய வேண்டும். மற்ற நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் நாவல், புகைக்குழாய், நாட்குறிப்பு. ஊரில் காத்திருந்த காதலியை நினைப்பது. என்றாவது சொந்தமாக ஒரு பாய்மரப் படகு கட்டினால் எப்படி இருக்க வேண்டும் என்று காகிதத்தில் வரைவது. திரும்பிப் போனதும் என்னென்ன சாப்பிடலாம் என்று விருந்துப் பட்டியல் போடுவது.

பனி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வாசலைத் தோண்டித் திறக்க வேண்டியிருந்தது. சுரங்கம் அடைபட்டதும் பக்கத்திலிருந்த பனிவீடு வழியாக வேறொரு வழி செய்துகொண்டார். மார்ச் 22 வாக்கில் அதுவும் அடைபட்டது. மேலே விழுந்த பனி இறுகிப்போனதால் உள்ளிருந்து தள்ளித் திறக்க முடியவில்லை. வானிலைக் குறிப்பு அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு அவருக்குச் செய்ய வேலையே இல்லை.

மண்ணெண்ணெய் குறையக் குறைய விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உறக்கப்பையில் கிடந்தார். கூடாரத்தின் உள்துணியில் மூச்சுக்காற்று உறைந்து பனிப்பொருக்காகத் தொங்கும், ஸ்டவ் எரியும் நேரத்தில் உருகிச் சொட்டும். புகையிலை தீர்ந்ததும் தேயிலைத் தூளைப் புகைத்தார். கடைசி வாரங்களில் சமைக்காத பெமிக்கனும் மார்ஜரினும்தான். பெமிக்கன் என்பது காய்ந்த இறைச்சித்தூளைக் கொழுப்பில் பிசைந்த கட்டி. சுடவைத்தாலே சுமாராகத்தான் இருக்கும் என்று தின்றவர்கள் சொல்வார்கள்.

இதற்கிடையில் கரையில் என்ன நடந்தது? மார்ச் தொடக்கத்தில் மூன்று பேர் அவரைக் கூட்டிவரக் கிளம்பினார்கள். நிலையம் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வாரக்கணக்கில் தேடினார்கள். புயலில் அடுத்த கூடாரமே தெரியாத இடத்தில், பனிக்குள் புதைந்துபோன கூடாரத்தை எங்கே கண்டுபிடிப்பது? ஏப்ரலில் வெறுங்கையோடு கரைக்கு வந்தார்கள். செய்தி இங்கிலாந்துக்குப் போனது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. குடும்பம் பணம் கொடுத்து, ஆரன்பெர்க் என்ற ஸ்வீடிஷ் விமானி தேடக் கிளம்பினார். வாட்கின்ஸே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பனிப்பரப்பில் ஏறினார்.

மே 5 காலை. கோர்ட்டோல்டின் ஸ்டவ் கடைசி முறை எரிந்து அணைந்தது. மண்ணெண்ணெய் முடிந்தது. அதே நாளில் மேலே வாட்கின்ஸ் பனியில் ஒரு கிழிந்த கொடியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் குழாயின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதற்குள் கூப்பிட்டார். கீழேயிருந்து பதில் வந்தது. கூரையை வெட்டித் திறந்து, பனியின் கூச்சம் தாங்கக் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து, அவரை மேலே தூக்கினார்கள். தாடியும் அழுக்குமாக இருந்தார், மெலிந்திருந்தார், அவ்வளவுதான். கரைக்குத் திரும்பும் வழியில் சறுக்குவண்டியில் படுத்துக்கொண்டு நாவல் படித்தார்.

என்ன கிடைத்தது

அடுத்த ஆண்டே துருவ ஆய்வு இதழ் ஒன்றில் இதைப் பற்றிக் கோர்ட்டோல்ட் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. சாரம் இதுதான்: தன் விருப்பத்தோடு போனவராக இருந்தால், தன்னை மீட்கச் சரியான ஏற்பாடு நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், ஒரு மனிதர் இப்படி நீண்ட காலம் தனியாக இருப்பதில் தவறில்லை. ஆள் கற்பனை ஓடுகிறவராக இருப்பது நல்லது, பதற்றக்காரராக இருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதங்கள் போகப் போக, யாரும் வராமல் இருந்தும், வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்குக் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. பனி முழுவதும் மூடிய பிறகு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அதற்கு விளக்கம் சொல்ல அவர் முயலவில்லை.

நான் முயன்று பார்க்கிறேன். வேறு வழியில்லாத மனம் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்ளும் என்பது ஒரு விளக்கம். அது கொஞ்சம் மலிவான விளக்கம். எனக்குத் தோன்றுவது வேறு. தனியாகக் கிளம்புகிற முதல் நாட்களில் மனதுக்குள் ஒரு கூட்டமே பேசிக்கொண்டிருக்கும்: இப்படிச் செய்திருக்கலாமோ, திரும்பிவிடலாமோ, அவர்கள் என்ன நினைப்பார்கள். மார்ச் 22க்குப் பிறகு கோர்ட்டோல்டுக்கு முடிவெடுக்க எதுவுமே மிச்சமில்லை. திரும்ப முடியாது, வெளியே போக முடியாது, யாரிடமும் சொல்ல முடியாது. அந்தக் கூட்டம் கலைந்துபோனது. மிச்சம் இருந்தது வாட்கின்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மட்டும். வாட்கின்ஸ் வருவேன் என்றால் வருவார். ஒரு குறிப்பிட்ட ஆளின் மேல், அந்த ஆளை நேரில் அறிந்ததால் வந்த நம்பிக்கை அது. பிரபஞ்சத்தின் மேல் வைத்த பொது நம்பிக்கையாக நான் அதைப் பார்க்கவில்லை.

அந்தப் படகு வரைபடத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து மாதம் இருட்டில் கிடந்தவரின் மனதில் திரும்பத் திரும்ப வந்தது ஒரு பெண், ஒரு படகு, நல்ல சாப்பாடு. 1932இல் அந்தப் பெண்ணையே மணந்தார். பிற்காலத்தில் 'விர்ஜீனியா' என்ற பாய்மரப் படகில் ஆண்டுக்கணக்காகக் கடலில் சுற்றினார். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள நமக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது.

இன்னொரு பெட்டி, இன்னொரு குழாய்

இந்த நிகழ்வை மட்டும் வைத்துப் பேசினால் தனிமைக்கு விளம்பரம் செய்வது போல ஆகிவிடும். மூன்றே ஆண்டு கழித்து, பூமியின் மறுமுனையில், அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட் இதே காரியத்தைச் செய்தார். 1934 மார்ச் 28 முதல் அண்டார்ட்டிகாவில், தன் முகாமிலிருந்து 198 கிலோமீட்டர் தெற்கே, பனிக்குள் புதைத்த ஒரு மரக்குடிலில் தனியாக வானிலை குறித்தார். அவருடைய முதல் திட்டத்தில் மூன்று பேர். அவருக்கும் பொருள் கொண்டுபோவதில் தாமதமாகித் திட்டம் சுருங்கியது. இரண்டு பேர் என்றால் ஒருவரையொருவர் பிறாண்டிக்கொள்வார்கள் என்று யோசித்து ஒருவராகப் போனார். அமைதி என்றால் என்ன என்று அனுபவித்துப் பார்க்கும் ஆசையும் இருந்தது என்று பின்னால் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

அவருக்கு எல்லாம் கூடுதலாக இருந்தது. நிறைய உணவு, நிறைய எரிபொருள், கிராமபோன், வானொலி. ஏப்ரலில் அந்தி நேரத்து நடையில் தன் மூச்சு உறைந்து வெடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, உலகத்தின் தாளத்தோடு தானும் ஒன்றிப்போனது போல உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். அதுவரை நன்றாகத்தான் போனது.

மே 31 அன்று வானொலியில் பேசிக்கொண்டிருக்கும்போது, சுரங்கத்தில் ஓடிய பெட்ரோல் எஞ்சின் தடுமாறியது. பார்க்கப் போனவர் அங்கேயே சுருண்டு விழுந்தார். கார்பன் மோனாக்சைடு. எஞ்சினிலிருந்து மட்டும் இல்லை. குடிலைச் சூடாக்கிய எண்ணெய் அடுப்பின் புகைக்குழாய் இணைப்புகள் கசிந்ததும், காற்றுப்போக்கிகள் பனியால் அடைபட்டதும் முன்பே அவரை மெல்ல நஞ்சூட்டியிருந்தன. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அவருக்கு இரண்டே வழி: அடுப்பைப் பற்றவைத்தால் நஞ்சு, அணைத்தால் குளிர். பாதி நாள் அணைத்துவைத்துக் குளிரில் கிடந்தார்.

முகாமுக்கு உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் இருட்டுக் குளிர்காலத்தில் ஆட்கள் கிளம்பி வந்து சாவார்கள் என்று பயம். நன்றாக இருக்கிறேன் என்று நடுங்கும் விரலால் மோர்ஸ் தட்டினார். எழுத்துகள் குழறுவதைப் பார்த்து முகாமில் சந்தேகப்பட்டார்கள். விண்கல் பார்க்கப் போகிறோம் என்று ஒரு சாக்குச் சொல்லித் தாமஸ் போல்ட்டர் டிராக்டரில் கிளம்பினார். முதல் முயற்சிகள் தோற்று, ஆகஸ்ட் 10 அன்றுதான் மூவர் போய்ச் சேர்ந்தார்கள். பேர்ட் உடல் தேறி விமானம் ஏற அக்டோபர் ஆகிவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. வானொலி இருந்தவர் அதை ஓட்டிய எஞ்சினின் பக்கத்தில் விழுந்தார். வானொலி இருந்ததால்தான் பொய் சொல்லவும் வேண்டியிருந்தது. கோர்ட்டோல்டுக்கு நடிக்க ஆளில்லை. எரிபொருள் தட்டுப்பாடே அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். பத்து அடிக் கூடாரம், பனிமூடி, ஒரே ஒரு சிறிய குழாய். நாள் முழுவதும் ஸ்டவ் எரிக்க வசதி இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். பேர்டைத் தனிமை வீழ்த்தியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது புகைக்குழாய்ப் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. அப்படியிருந்தும், அந்த மாதங்களுக்குப் பிறகு தான் எளிமையாகவும் அமைதியாகவும் வாழ்வதாக அவரே சொன்னார்.

ஒரு ஜனவரியில் கோத்தகிரிப் பக்கம் தனியாகத் தங்கியிருந்தபோது, வீட்டைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ராத்திரி ஒரு சட்டியில் கரித்தணல் கொண்டுவந்து வைத்தார். "ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வையுங்க தம்பி. கதவைச் சாத்திட்டுத் தூங்குனவங்க காலையில எந்திரிக்கல" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் குளிர் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினேன். பிறகு எழுந்து தணலை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு இரண்டு கம்பளியோடு படுத்தேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரியை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்களின் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெரியவர் நினைவுக்கு வருவார்.

யார் கணக்கில்

தனியாக இருந்தார் என்று சொல்கிறோம். அவரைக் கொண்டுபோய் விட்டவர்கள் 39 நாள் புயலில் நடந்தார்கள். தேடிப் போய்க் கிடைக்காமல் திரும்பிய மூவரும் அந்தத் தோல்வியைச் சுமந்தார்கள். ஒரு விமானி ஸ்வீடனிலிருந்து வந்தார். வெளியே வந்தபிறகு தன்னைச் சுற்றி எழுந்த ஆரவாரம் கோர்ட்டோல்டுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அவருடைய அமைதி இத்தனை பேரின் உழைப்பின்மேல் நின்றது. தனிப்பயணத்தின் பலனைப் பேசுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. நிலையத்தைச் சுற்றி உயரமான, தூரத்திலிருந்து தெரிகிற அடையாளம் இருந்திருந்தால் ஏப்ரலிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். இன்று தனியாகக் கிளம்புகிறவர், எந்த வழி, எந்த நாள் திரும்புவேன், அன்று வராவிட்டால் யார் தேட வேண்டும் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது இந்த அடையாளத்துக்குச் சமம்.

கூட ஆள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அதே குளிர்காலத்தில், அதே பனிப்பரப்பின் வடக்கே, ஆல்ஃபிரட் வேகனரின் ஜெர்மன் குழுவில் மூன்று பேர் பனிக்குழியில் ஒன்றாகத் தங்கினார்கள். அதில் ஒருவரின் உறைந்துபோன கால்விரல்களை மற்றவர்கள் பேனாக்கத்தியால் வெட்ட வேண்டிவந்தது. அவர்களுக்குப் பொருள் சேர்க்கக் கிளம்பி வந்து, திரும்பிப் போன வேகனர் வழியில் இறந்துபோனார். பின்னாளில், அண்டார்ட்டிகாவில் குளிர்காலம் கழித்த அமெரிக்கக் கடற்படையினரை லாரன்ஸ் பாலிங்காஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அவர்கள் பிற்காலத்தில் மருத்துவமனையில் சேர்ந்தது, போகாமல் இருந்தவர்களைவிடக் குறைவு என்று கண்டார். அவர்கள் குழுவாக இருந்தவர்கள். தனியாள் பயணத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கடினமான குளிர்காலம் மனிதரை உடைத்தே தீரும் என்ற எண்ணம் தப்பு என்று சொல்ல அது போதும்.

வாட்கின்ஸ் 1932இல் கிரீன்லாந்துக்குத் திரும்பினார். ஆகஸ்ட் 20 அன்று கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் தனியாகச் சீல் வேட்டைக்குப் போனார். கயாக் மட்டும் மிதந்துகொண்டிருந்ததைக் கண்டெடுத்தார்கள், அவர் உடல் கிடைக்கவில்லை. வயது 25.

கோர்ட்டோல்ட் 1935இல் மறுபடியும் போனார். ஆர்க்டிக்கிலேயே உயரமான சிகரத்தில், வாட்கின்ஸின் பெயரைத் தாங்கிய மலைத்தொடரில், ஆகஸ்ட் 16 அன்று முதன்முதலாக ஏறிய குழுவில் அவரும் இருந்தார். அந்த முறை கிரீன்லாந்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.